யாரும் ஒளித்து வைக்காத நட்சத்திரம்

என் அண்ணி கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்துவிட்டு, அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பார். குனிந்து பார்த்தோமா என்ற சந்தேகத்தில் வாசல் வரை வந்தவர் திரும்பி உள்ளே போவார். நான் கீழே காரில் உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. நாள் முழுக்க அடுத்தவர் பிரேக்கை மிதிக்க வேண்டிய நேரத்தில் நான் மிதித்துக்கொண்டிருப்பதால் பொறுமை என்பது மாலைக்குள் தீர்ந்துவிடும்.

அண்ணிக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். நாற்சந்தியில் வலது பக்கம் பார்ப்பார், இடது பக்கம் பார்ப்பார், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை வலது பக்கம் பார்ப்பார். அதற்குள் மறுபடி சிவப்பு விழுந்துவிடும். பின்னால் நிற்கிறவர்கள் என் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்கள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்தவர்களில் இன்றுவரை வண்டியில் ஒரு கீறல்கூட விழாதவர் அண்ணி ஒருவர்தான்.

ஒரு காது மருத்துவமனையில் அவருக்கு வேலை. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பவர். சத்தம் புகாத சின்ன அறை, சுவரெல்லாம் தடித்த பஞ்சு. உள்ளே நோயாளி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு வெளியே இருந்து அண்ணி சன்னமான ஒலியை அனுப்புவார். கேட்டால் கை தூக்க வேண்டும். கேட்கிறதா, கேட்கவில்லையா என்கிற விளிம்பில்தான் அவருக்கு நாள் முழுக்க வேலை. சிலர் அனுப்பாத ஒலிக்கும் கை தூக்கிவிடுவார்களாம். அதற்காகவே இடையிடையே எதையும் அனுப்பாமல் சும்மா இருப்பாராம்.

"பொய்யா சொல்றாங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பொய் இல்ல. கேட்டுடணும்னு ஆசை. நிஜமாவே கேட்ட மாதிரிதான் இருக்கும் அவங்களுக்கு. அந்த முகத்தைப் பார்க்கிறப்போ எனக்குப் பாவமா இருக்கும்" என்றார்.

இது இப்போதைய அண்ணி. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர் இயற்பியலில் முதுகலை முடித்தவர். செத்த நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஓர் இடமும் கிடைத்திருந்தது. சேர வேண்டிய மாதத்தில் அவருடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கையில் ஒரு வேலை உடனே தேவைப்பட்டது, காது மருத்துவமனையில் ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தார். அப்பா காலமான பிறகு கல்யாணம், பிறகு மகள், பிறகு வருடங்கள். இதையெல்லாம் புலம்பலாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் எங்கோ இருக்கும் பேராசிரியர்களின் வகுப்புகள் அவருடைய போனில் ஓடிக்கொண்டே இருக்கும். என் அண்ணன் ஏசி பழுது பார்ப்பவன். "கம்ப்ரஸரைப் பத்தித் தெரிஞ்சதைவிட இப்போ எனக்கு நியூட்ரான் நட்சத்திரத்தைப் பத்திதான் அதிகம் தெரியுது. வாடிக்கையாளர்கிட்ட உளறிடுவேனோன்னு பயமா இருக்கு" என்பான்.

அந்த அறிவிப்பைக் கொண்டுவந்ததும் அவன்தான். நகரத்தின் மறுகோடியில் ஒரு விண்வெளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஏசி சரிசெய்யப் போனவன், நடைவழியில் இருந்த அறிவிப்புப் பலகையைப் போனில் படம் பிடித்து வந்தான். விண்வெளி அறிவியலிலும் வானியற்பியலிலும் முனைவர் பட்ட ஆய்வுக்கு மூன்று இடங்கள். சூரியனிலிருந்து கிளம்பும் புயல்கள் ஒன்று, கோள்களின் காற்றுமண்டலம் ஒன்று, துடிக்கும் நட்சத்திரங்கள் ஒன்று. ஐந்து வருடத்துக்கு உதவித்தொகை உண்டு. வயது வரம்பும் உண்டு. அண்ணி அந்த வரம்புக்குள் இருந்தார், ஆனால் அடுத்த பிறந்தநாள் வரைக்கும்தான். இதை விட்டால் அங்கே மட்டுமல்ல, எங்கேயுமே அவருக்குக் கதவு மூடிவிடும்.

"போட்டுப் பாரேன்மா" என்றான் அண்ணன்.

"இந்த வயசுலயா? பக்கத்துல உட்கார்றதெல்லாம் சின்னப் பசங்களா இருக்கும்."

"செத்த நட்சத்திரத்துக்கு என்ன, அது உன் வயசையா கேட்கப் போகுது?"

எழுத்துத் தேர்வில் அண்ணி தேறினார். எப்படி என்று கேட்காதீர்கள். வீட்டில் இருந்த எங்களுக்கே தெரியாது. அதற்கடுத்த சுற்றுதான் விசித்திரமானது.

அந்த நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. துடிக்கும் நட்சத்திரப் பிரிவுக்கு மாணவர்களை எடுக்க வெறும் கேள்வி பதில் போதாது என்று வைத்திருக்கிறார்கள். வந்தவர்களை ஒரு பகல் முழுக்கக் கணினி முன்னால் உட்கார வைத்து, வானத்திலிருந்து வந்த ரேடியோ அலைகளின் பதிவு ஒன்றைக் கொடுப்பார்கள். அதற்குள் அவர்களே ஒரு பொய்யான துடிப்பைச் செய்து ஒளித்து வைத்திருப்பார்கள். அதை மாலைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஒளித்து வைக்கும் வேலை ஓர் இளம் ஆய்வாளருடையது. கண்ணாடி போட்டவர், பேசும்போது விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பவர். நாங்கள் அவருக்குக் கண்ணாமூச்சி என்று பெயர் வைத்துவிட்டோம்.

துடிக்கும் நட்சத்திரம் என்றால் என்ன என்று அண்ணி எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் செத்துப்போனால் அதன் நெஞ்சுப்பகுதி மட்டும் சுருங்கி, ஓர் ஊர் அளவுக்கு உருண்டையாக நிற்கும். சும்மா நிற்காது, பம்பரமாகச் சுற்றும். சுற்றும்போது அதிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை நம்மைத் தொட்டுவிட்டுப் போகும். அதுதான் துடிப்பு. ஆனால் அது வந்து சேருவதற்குள் இரைச்சலோடு இரைச்சலாக அமுங்கிப்போயிருக்கும். சந்தடியான பேருந்து நிலையத்தில் எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் ஒரே தாளத்தில் டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தால் கேட்குமா? கேட்காது. அதனால் ஒரு தாளத்தை ஊகித்துக்கொண்டு, பதிவைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஊகம் சரியாக இருந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும், துடிப்பு மட்டும் ஒரே இடத்தில் குவிந்து தலைகாட்டும். தப்பாக இருந்தால் திரையில் புல்தரை மாதிரி சிலிர்த்து நிற்கும் வெறும் இரைச்சல்தான்.

தேர்வு நாளன்று காலை அண்ணியைக் கொண்டுபோய் விட்டேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் கல்லூரி வாசனை போகாத பிள்ளைகள். ஒருத்தி அண்ணியைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க பொண்ணு எந்தப் பிரிவுக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வண்டியிலிருந்து இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டேன். அண்ணி என் பக்கம் திரும்பி வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

மாலையில் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். பேய் அறைந்த மாதிரி என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

"கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சேன்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. வண்டியை எடு. கொஞ்ச தூரம் பேசாம போலாம்."

பாதி வழியில் அவரே ஆரம்பித்தார். மற்றவர்கள் எல்லாம் வேகமான தாளங்களிலிருந்து தேடத் தொடங்கினார்களாம். "நான்தான் மெதுவான ஆளாச்சே, மெதுவான பக்கத்துலேருந்து ஆரம்பிச்சேன்" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் எழுந்துபோன நேரத்தில், ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவான ஒரு தாளத்தில், புல்தரையில் ஒரு சின்ன மேடு எழும்பியதாம். அதன் பிறகு அண்ணி வேறு எதையும் தேடவில்லை. மாலை வரைக்கும் அந்த ஒரு மேட்டையே குடைந்துகொண்டிருந்திருக்கிறார். பதிவை இரண்டாக வெட்டிப் பார்த்தார், இரண்டு பாதியிலும் இருந்தது. தாளத்தை ஒரு துளி மாற்றிப் பார்த்தார், மேடு கரைந்தது. இன்னொரு சோதனையும் உண்டாம். தொலைதூரத்திலிருந்து வரும் துடிப்பில் உயர்ந்த சுருதி முதலில் வந்து சேரும், தாழ்ந்த சுருதி வழியில் தங்கித் தங்கிப் பிந்தி வரும். பக்கத்துத் தெரு மின்கம்பியிலிருந்து வருவது என்றால் எல்லாச் சுருதியும் ஒன்றாகவே வந்துவிடும். அண்ணி கண்டதில் தாழ்ந்த சுருதி பிந்தித்தான் வந்தது.

"அப்போ சரியான விடைதானே?"

"பொய்யாச் செஞ்ச துடிப்புலயும் அந்தத் தாமதத்தைச் சேர்த்துத்தான் செய்வாங்க. அதனால அவங்க ஒளிச்சதாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "ரொம்ப மெலிசா ஒளிச்சிருக்காங்க. இவ்வளவு மெலிசாவா ஒளிப்பாங்க?" என்றார்.

மறுநாள் நேர்காணல். நான் உள்ளே இல்லை. ஆனால் அண்ணி வார்த்தைக்கு வார்த்தை சொல்லியிருக்கிறார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தேர்வுக் குழுத் தலைவர், ஒரு பக்கம் கண்ணாமூச்சி, இன்னொரு பக்கம் ஒரு மூத்த பேராசிரியை. கோடையிலும் சால்வை போர்த்தியிருப்பவர். அவர் அறை ஏசியைத்தான் அண்ணன் சரிசெய்தது. குளிர் அதிகம் என்று குறை சொல்ல ஆள் கூப்பிட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான் என்று அண்ணன் சொல்வான்.

தலைவர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க விடை தப்பும்மா. நாங்க ஒளிச்ச தாளம் மூணுல ஒரு பங்கு விநாடி. வந்தவங்கள்ல உங்களைத் தவிர எல்லாரும் அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க" என்றார்.

அண்ணி மற்ற இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கண்ணாமூச்சி தணிந்த குரலில் பேசினார். "அந்த வானத்துண்டு காலின்னு தெரிஞ்சுதாங்க அதை எடுத்தோம். ரொம்ப வருஷமா இதே பதிவுதான். அதுல வேற எதுவும் கிடையாது. நாள் பூரா இரைச்சலைப் பார்த்துட்டு இருந்தா, எதையாவது பார்த்தேயாகணும்னு கண்ணு ஏமாத்தும். எனக்கே நடந்திருக்கு. அந்த விடையை வாபஸ் வாங்கிக்கிறீங்களா? மத்த பதில்களை வெச்சு மார்க் போட முயற்சி பண்றோம்."

நல்ல மனிதர். உதவி செய்யத்தான் பார்த்தார். வாபஸ் வாங்கியிருந்தால் ஒருவேளை இடமே கிடைத்திருக்கும். பதினான்கு வருடம் கழித்து, கடைசி முறையாகத் திறந்த கதவு. நானாக இருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பேன், சத்தியமாக.

அண்ணி அந்த நிமிடம் நினைத்தது காது மருத்துவமனையின் கண்ணாடிச் சுவரை. அனுப்பாத ஒலிக்குக் கை தூக்குகிற முகங்கள். நானும் அப்படி ஒருத்தியாகிவிட்டேனா, இவ்வளவு வருட ஆசை எனக்கு இல்லாததைக் காட்டிவிட்டதா என்று பயந்தாராம். அந்தப் பயம் இடம் போய்விடுமோ என்கிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது என்றார். அதைக் கேட்டபோது எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"நான் கை தூக்கிட்டேன் சார்" என்று சொன்னாராம். அவர்களுக்கு விளங்கியிருக்காது. "தப்பா இருக்கலாம். தப்புன்னா எப்படித் தப்புன்னு யாராவது எனக்குக் காட்டணும். காட்டுற வரைக்கும் இறக்க மாட்டேன். இடம் கொடுக்காட்டியும் பரவாயில்ல, அதை ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க."

சால்வைப் பேராசிரியை எதையோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் நேர்காணல்.

மாலையில் முடிவு வந்தது. துடிக்கும் நட்சத்திரப் பிரிவு இடம் அந்த "ஆன்ட்டி" பெண்ணுக்குக் கிடைத்திருந்தது. கெட்டிக்காரிதான், குறை சொல்ல முடியாது. சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது என்பது வேறு. அண்ணி ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், மறுநாள் வேலைக்குப் போனார். போனில் ஓடும் வகுப்புகள் மட்டும் நின்றுபோயின. வீடு அமைதியாகிவிட்டது. அண்ணன் சமையலறைக்குள் போவதும், எதற்குப் போனோம் என்று தெரியாமல் வெளியே வருவதுமாக இருந்தான். அவனுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதனால் அந்த வாரம் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றவர்கள் எல்லோரும் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம், நான் அண்ணியை அழைத்துப்போக மருத்துவமனை வாசலில் காத்திருந்தேன். அவர் படியிறங்கி வரும்போதே போன் அடித்தது. எடுத்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். என்ன கெட்ட செய்தியோ என்று ஓடினேன். போனை என் காதுக்கும் அவர் காதுக்கும் நடுவில் பிடித்தார்.

கண்ணாமூச்சி பேசிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு ஒரு பதில் சொல்லணும்னு தோணிட்டே இருந்துச்சு மேடம். நீங்க கண்டது தப்புன்னு நிரூபிச்சு, அழகா ஒரு படத்தோட அனுப்பலாம்னுதான் உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலைன்னு நினைச்சேன். ஒரு வாரமா உட்கார்ந்திருக்கேன். முடியலை மேடம். அதே வானத்துண்டோட வேற வருஷத்துப் பதிவு ஒண்ணு கிடங்குல கிடந்துச்சு. அதுல நாங்க எதையும் ஒளிச்சு வைக்கலை. அதுலயும் இருக்கு. உங்க தாளம், அப்படியே."

அண்ணி, "நிஜமாவா?" என்று கேட்டார். பிறகு மறுபடி, "நிஜமாவா?" என்றார். படியேறி வந்த நோயாளிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நேர்லயே தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தாத்தான் உறுதி. புதன்கிழமை பகல்ல ரெண்டு மணி நேரம் வாங்கியிருக்கோம். நீங்க வரணும்."

பகலில் நட்சத்திரமா என்று நான் இடையில் புகுந்து கேட்டுவிட்டேன். ரேடியோ அலைக்கு இரவு பகல் கிடையாதாம். சூரியன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், இது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

தொலைநோக்கி இருப்பது நகரத்தைத் தாண்டி, மேடு சூழ்ந்த ஒரு பள்ளத்தில். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வெளிவாசலில் காவலாளி போன்களை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்து என் காரைச் சுற்றி வந்து, "பெட்ரோல் வண்டியாம்மா? உள்ளே விட முடியாது" என்றார். பெட்ரோல் எஞ்சினில் தெறிக்கும் பொறிகூடத் தொலைநோக்கிக்குப் பெரிய கூச்சலாகக் கேட்குமாம். நான் வண்டி ஓட்டும் அழகைக் குறை சொன்னவர்கள் உண்டு, என் வண்டியே வானத்துக்குத் தொந்தரவு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். ஒரு பழைய டீசல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓட்டியவர் கிளட்சை மிதித்த விதத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மேட்டைத் தாண்டினோம். ஒரு தெருவையே உள்ளே வைத்துவிடலாம் என்கிற அளவுக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வானத்தைப் பார்த்து மல்லாந்திருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது திரும்பியது. இம்மியளவுகூடச் சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய பொருள் அவ்வளவு மெதுவாகத் திரும்பி, எங்களுக்கு நீல வெளியைத் தவிர வேறெதுவும் தெரியாத ஓர் இடத்தை நோக்கி நின்றது. அதைத் திரும்ப வைத்தது என் அண்ணி. அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகப்படுகிற அதே அண்ணி.

கட்டுப்பாட்டு அறையில் சால்வைப் பேராசிரியையும் கண்ணாமூச்சியும் இருந்தார்கள். தொலைநோக்கியை இயக்கும் அம்மாள் ஒருவர், வரிசையாக இருந்த திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அங்கே அந்தத் தொலைநோக்கியின் நேரம் தங்கத்துக்குச் சமம் என்று கண்ணாமூச்சி சொன்னார். நிலையத்தின் விஞ்ஞானிகளும் ஆய்வு மாணவர்களும் கேட்டால்தான் தருவார்கள், வெளியாட்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. எனவே பேராசிரியை தன் பங்கிலிருந்து கொடுத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். அவரிடம் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

திரையில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. அதுதான் புல்தரை. விழுகிற அலைகளை அண்ணியின் தாளத்தில் வெட்டி வெட்டிக் கணினி அடுக்கிக்கொண்டே போகும், காத்திருக்க வேண்டியதுதான் என்றார்கள். காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. கண்ணாமூச்சி மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றும் இல்லை. எனக்கு நெருப்பின் மேல் நிற்பது போலிருந்தது. அண்ணியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. இங்கேயும் இல்லையென்றால் இனி அவர் எதையுமே நம்ப மாட்டார், தன்னைத்தானே நம்ப மாட்டார் என்று தோன்றியது.

பிறகு, கோட்டின் நடுவில் ஓரிடம் சற்றுத் தடித்த மாதிரி இருந்தது. என் கண்தான் ஏமாற்றுகிறது என்று இமையைத் தேய்த்துக்கொண்டேன். மற்ற இடமெல்லாம் அடங்கிக்கொண்டே போக, அந்த ஓரிடம் மட்டும் எழும்பிக்கொண்டே வந்தது. பாத்திரத்தில் பால் மெல்ல மேலேறுவதைப் போல, அவசரமே இல்லாமல், ஆனால் நிற்காமல். மேடாயிற்று. கூம்பாயிற்று.

கண்ணாமூச்சியின் விரல் நின்றுபோயிருந்தது. அவர்தான் முதலில் பேசினார். "நானும் இதே பதிவுல தேர்வு எழுதித்தான் உள்ளே வந்தேன். ஒளிச்சு வெச்சதைக் கண்டுபிடிச்சேன், எழுதிக் கொடுத்தேன், சந்தோஷமா வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாடி வந்தவங்களும் அப்படித்தான், பின்னாடி வந்தவங்களும் அப்படித்தான். அத்தனை பேரும் இதைத் தாண்டித்தான் போயிருக்கோம். நாங்க ஒண்ணை ஒளிச்சு வெச்சதாலயே அதுல வேற ஒண்ணு இருக்கும்னு எங்க யாருக்கும் தோணலை."

"எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்டேன். எனக்கு அதற்கு மேல் புத்திசாலித்தனமான கேள்வி தோன்றவில்லை.

சுருதிகளுக்கு இடையில் இருந்த தாமதத்தை வைத்து அண்ணிதான் கணக்குப் போட்டுச் சொன்னார். "கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் ஒளியாண்டு. இப்போ இங்கே வந்து விழுறது அங்கேருந்து கிளம்பினப்போ, மனுஷங்க விதை விதைக்கக்கூடச் சரியாக் கத்துக்கலை."

நான் அந்தக் கூம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு காலம் வழியில் இருந்திருக்கிறது. எந்த ராஜா வந்தான், எந்த ஊர் அழிந்தது என்று எதையும் கேட்காமல், ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்று அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளின் கைக்குள் வந்தும் போயிருக்கிறது. கடைசியில், வேகமாக எதையும் செய்யத் தெரியாத என் அண்ணி மதியம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தபோது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். கோபக்காரர்கள் அழுதால் சத்தமாகத்தான் வரும்.

இயக்கும் அம்மாள் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். "மேடம், இன்னைக்கு நேரத்தை யார் பேர்ல பதியணும்? உங்க பேர்லயா?"

"வேணாம்" என்றார் சால்வைப் பேராசிரியை. "நம்ம ஆய்வு மாணவி பேர்ல போடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவுக்குப் பிறகும் இதைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் பெயரிலா போடுவார்கள்? வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அண்ணி, எந்த வருத்தமும் காட்டாமல், கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவங்க இன்னும் வரலையா மேடம்? வந்தா இதைப் பார்த்திருக்கலாமே" என்றார். நிஜமாகவே அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

"வந்துட்டாங்க" என்றார் பேராசிரியை. "கொஞ்சம் லேட்டாத்தான் வந்தாங்க."

அண்ணிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பேராசிரியை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "கிடங்குப் பதிவை வெச்சு இன்னைக்குக் காலையிலயே தேர்வுக் குழு கூடிச்சு. கேள்விக்கு ரெண்டு சரியான விடை இருந்தா ரெண்டுக்கும்தானே மார்க் போடணும்? போட்டோம். இன்னொரு இடத்துக்கு நிலையத்துல ஒத்துக்கிட்டாங்க. ஒண்ணாம் தேதி சேரணும். உங்களால முடியுமாம்மா?"

அண்ணியின் முகத்தில் என்ன நடந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு தலையை மட்டும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இயக்கும் அம்மாள் விசைப்பலகையில் கை வைத்தபடி, "பேர் சொல்லுங்கம்மா" என்றார்.

அண்ணி வாயெடுத்தார். குரல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். அப்போதும் காற்றுதான் வந்தது. அதனால் என் அண்ணியின் பெயரை நான்தான் சொன்னேன், ஒவ்வோர் எழுத்தாக, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி.